ஆற்றுப்படையும் மோட்டார் சைக்கிளும்

தமிழில் பயண இலக்கியம் என்ற பேச்சு எழுந்தால் ஏ. கே. செட்டியாரின் பெயரைச் சொல்வோம், சிட்டியும் தி. ஜானகிராமனும் சேர்ந்து எழுதிய ‘நடந்தாய் வாழி, காவேரி’யைச் சொல்வோம், அத்துடன் நிறுத்திக்கொள்வோம். அப்புகழுக்கு அவர்கள் முற்றும் உரியவர்களே. ஆயினும் அவர்களுக்குப் பின் பயணம் எழுதுவோர் இல்லாமற் போய்விடவில்லை. கடந்த இருபது ஆண்டுகளில் மோட்டார் சைக்கிளில் நாட்டைச் சுற்றி வரும் இளைஞர் கூட்டம் ஒன்று தோன்றியிருக்கிறது. நாலு நாள் விடுமுறை கிடைத்தால் போதும். பழைய நெடுஞ்சாலை ஒன்றைப் பிடித்துக்கொண்டு புறப்படுகிறார்கள், வழியிலுள்ள சிற்றூர்களில் தங்குகிறார்கள், திரும்பி வந்ததும் எழுதுகிறார்கள். எழுத்தின் அளவு பெரிது. அதன் தரம் என்ன என்று கேட்பார் அரியர். திறனாய்வாளர் அதனை இளமைக் களியாட்டம் என்று எண்ணி விலகிப் போகின்றனர். அவ்வாறு விலகுதல் தகாது என்பது என் கருத்து. ஏனெனில் இந்த எழுத்து, தன்னை அறியாமலே, தமிழின் மிகப் பழைய இலக்கிய வகை ஒன்றின் வாயிலில் வந்து நிற்கிறது. நின்றும் உள்ளே நுழையவில்லை என்பதுதான் என் குறை.

பொருள் பரந்தது, ஆகையால் ஒரு சாலையை வைத்துப் பேசுவது நலம். நாகபுரியின் நடுவே ‘ஜீரோ மைல்’ என்று வழங்கும் கல் தூண் ஒன்று உண்டு. ஐதராபாத்துக்கு எத்தனை மைல், சபல்பூருக்கு எத்தனை மைல், சிவனிக்கு எத்தனை மைல் என்று அதில் வெட்டியிருக்கிறார்கள். அத்தூணுக்கு வடக்கும் தெற்குமாக ஓடும் வழியே ஆங்கிலேயர் காலத்துத் தக்காணப் பெருஞ்சாலை. விடுதலைக்குப் பின் அது வாரணாசியையும் கன்னியாகுமரியையும் இணைக்கும் 7ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையின் பகுதியாயிற்று. ரேவா, மைஹர், கட்னி, சபல்பூர், சிவனி, நாகபுரி, ஹிங்கன்காட், நிர்மல், ஐதராபாத், கர்நூல், குத்தி, அனந்தபூர், பெங்களூர், தருமபுரி, சேலம், நாமக்கல், மதுரை என இறங்கி வந்த அந்தச் சாலையின் நீளம் ஏறத்தாழ 2,370 கிலோமீட்டர். 2010இல் எண்களை மாற்றியபோது லக்னாதோனுக்குத் தெற்கே உள்ள பகுதி 44ஆம் எண்ணுக்குள் அடங்கிற்று. வடக்கே உள்ளவை வேறு வேறு எண்களைப் பெற்றன. லாரி ஓட்டுநர் வாயில் இன்னும் அது ‘செவன்’ தான்.

கல்கத்தாவிலிருந்து பெஷாவர் நோக்கிப் போகும் கிராண்ட் டிரங்க் சாலைக்குக் கிப்ளிங்கின் ‘கிம்’ (1901) கிடைத்தது. நம் சாலைக்கு அத்தகைய நூல் வாய்க்கவில்லை. சிவனிக் காட்டைக் களமாக வைத்து அதே ஆசிரியர் ‘ஜங்கிள் புக்’ (1894) எழுதினார்; ஆனால் சிவனி என்னும் ஊரைப் பற்றி எழுதினாரல்லர். மோக்லியின் காட்டை அறிந்தோர் உலகெங்கும் உளர். சிவனிக் கடைத்தெருவை அறிந்தோர் சிவனியில்தான் உளர். நம்மவரும் இதற்கு விலக்கு அல்லர். வடநாட்டில் வாழும் தமிழர் பலரும் இந்த நிலத்தை ஜி.டி. எக்ஸ்பிரஸின் சன்னல் கம்பிகளுக்கு இடையேதான் கண்டிருக்கிறோம். ஹிங்கன்காட் என்றால் வண்டி நிற்குமா நிற்காதா என்பதே நம் கேள்வி. இந்த நிலையில், இளைஞர் சிலர் இரயிலை விட்டு இறங்கிச் சாலைக்கு வந்திருப்பது வரவேற்கத்தக்க மாறுதல். வந்து என்ன கண்டார்கள் என்பதே இனி ஆராய வேண்டியது.

இவ்வகைக் கட்டுரைகள் பத்தைப் படித்தவர் பதினோராவதைப் படிக்காமலே சொல்லிவிடலாம். விடியற்காலை நாலரை மணிக்குப் புறப்பாடு. முதல் இருநூறு கிலோமீட்டர் எத்தனை மணி நேரத்தில் முடிந்தது, லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் கிடைத்தது, எந்த இடத்தில் சங்கிலி தளர்ந்தது என்னும் கணக்கு. பிறகு ஒரு சிற்றூர். அங்கே தேநீர். தேநீர் கொடுத்தவர் வெள்ளந்தியான மனிதர். அவர் எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்கிறார். சென்னையிலிருந்து என்றதும் வியக்கிறார். காசு வாங்க மறுக்கிறார். பயணி நெகிழ்கிறார். வண்டி மறுபடியும் புறப்படுகிறது. சூரியன் மறைகிறது.

இதில் பொய் ஒன்றுமில்லை. தேநீர்க் கடைக்காரர் உண்மையிலேயே காசு வாங்க மறுத்திருப்பார். நம் நாட்டில் அது நடப்பதுதான். குறை வேறிடத்தில் இருக்கிறது. அந்தக் கடைக்காரருக்குப் பெயர் இல்லை. அவர் ஊருக்கு எதனால் சோறு கிடைக்கிறது என்ற செய்தி இல்லை. புறவழிச்சாலை வந்தபின் அவர் வியாபாரம் என்ன ஆயிற்று என்று கேட்கப்படவில்லை. அவர் செய்யும் வேலை ஒன்றே ஒன்று: பயணியைக் கண்டு வியத்தல். ‘வெள்ளந்தி’ என்ற சொல்லை நான் இந்த எழுத்திலிருந்து சில ஆண்டுகளுக்கேனும் ஒதுக்கி வைக்கச் சொல்வேன். நெடுஞ்சாலையில் முப்பது ஆண்டு கடை நடத்துகிறவன் வெள்ளந்தியாக இருந்தால் மூன்றாம் மாதமே கடையை மூடியிருப்பான். லாரிக்காரனையும் போலீஸ்காரனையும் கடன்காரனையும் சமாளித்து நிற்கிற மனிதனை வெள்ளந்தி என்று சொல்வது, அவனைப் பாராட்டுவது போல் அவனுடைய அறிவை மறுப்பதாகும்.

இனி ஆற்றுப்படைக்கு வருவோம். பத்துப்பாட்டுள் சிறுபாணாற்றுப்படை 269 அடிகளையே உடையது. இடைக்கழி நாட்டு நல்லூர் நத்தத்தனார், ஓய்மாநாட்டு நல்லியக்கோடனிடம் பரிசில் பெற்று மீளும் பாணன் ஒருவனைப் பேச விடுகிறார். அவன் எதிரே வறுமையுற்று வரும் மற்றொரு பாணனை மறித்து வழி சொல்கிறான். அவ்வழியில் மூன்று ஊர்கள். கடற்கரை எயிற்பட்டினத்தில் நுளையர் கள்ளும் சுட்ட மீனும் தருவர். முல்லை நிலத்து வேலூரில் எயினர் புளிச்சோறும் காட்டுப் பசுவின் சூட்டிறைச்சியும் தருவர். மருத நிலத்து ஆமூரில் உழவர் வெண்சோறும் நண்டுக் கலவையும் தருவர். எயிற்பட்டினம் இன்றைய மரக்காணம் என்பாரும் உளர். மூன்று ஊர், மூன்று மக்கள், மூன்று உணவு. உணவைச் சொன்னதனாலேயே நிலமும் தொழிலும் சொல்லப்பட்டுவிட்டன. ஆமூர்ச் சோற்றைப் பேசும்போது அரிசி எவ்வாறு குற்றப்பட்டது என்பதையும் புலவர் விடாமல் சொல்கிறார். உலக்கையின் இரும்புப் பூண் தேய்ந்திருப்பது அவர் கண்ணுக்குப் படுகிறது. அந்தத் தேய்மானத்தில் அவ்வூர்ப் பெண்டிரின் உழைப்பு முழுவதும் இருக்கிறது. வெள்ளந்தி என்று ஒரு சொல் அங்கே இல்லை.

ஆற்றுப்படையை நான் உயர்த்திச் சொல்வது பழமைப் பற்றினால் அன்று. அதன் குறைகளையும் மறைப்பதற்கில்லை. பரிசில் வாழ்க்கையில் பிறந்த பாட்டு அது. புரவலன் நாட்டில் பசி என்பதே இல்லை என்று பேசும். வழியில் உள்ள ஊர் எல்லாம் வாரி வழங்கும். அதனை அப்படியே வரலாற்றுச் சான்றாக எடுத்துக்கொள்ள இயலாது. ஆனால் அதன் அமைப்பை நோக்குக. பேசுகிறவன் தன் பயணத்தைப் பற்றிப் பேசவில்லை. தன் எதிரே நிற்பவனுடைய பயணத்தைப் பற்றிப் பேசுகிறான். ‘நான் உண்டேன்’ என்பதைவிட ‘நீ பெறுவாய்’ என்பதே அப்பாட்டின் நடை. கேட்பவன் பசித்திருக்கிறான், உடன் சுற்றமும் இருக்கிறது. தவறாக வழி சொன்னால் இராப்பொழுதில் அவர்கள் காட்டில் கிடப்பார்கள். ஆகவே ஊரைச் சரியாகப் பார்த்தாக வேண்டும் என்ற கடமை சொல்லுகிறவனுக்கு ஏற்படுகிறது. பெருங்கௌசிகனாரின் மலைபடுகடாம் 583 அடிகளில் மலைவழியின் இடர்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்வதும் இக்கடமை பற்றியே. வழுக்கும் இடம் எது, கவண்கல் வந்து விழும் இடம் எது என்று எச்சரிக்கிற பாட்டு அது. இக்காலத்து மோட்டார் சைக்கிள் கட்டுரையில் எதிரே நிற்பவன் யார்? நண்பர் வட்டம், பாராட்டுவதற்காக நிற்பவர்கள். அவர்களுக்கு அந்த ஊர் தேவையில்லை. ஆகவே எழுதுகிறவருக்கும் அது தேவைப்படவில்லை.

கடியலூர் உருத்திரங்கண்ணனார் பெரும்பாணாற்றுப்படையில் சுங்கம் கொள்ளும் பெருவழி ஒன்றைக் காட்டுகிறார். பலாப்பழம் போன்ற மிளகு மூட்டைகளைச் சுமந்து கழுதைகள் கூட்டமாகப் போகின்றன. கவர்த்த வழிகளில் வில்லேந்திய காவலர் நிற்கின்றனர். இன்றைய சுங்கச்சாவடியைக் கடப்பவருக்கு அந்தக் காட்சி புதிதன்று. ஒரு வேறுபாடு உண்டு. தேசிய நெடுஞ்சாலைகளில் இருசக்கர வண்டிக்குச் சுங்கம் இல்லை. இடப்புறத்து ஒடுங்கிய வழியில் அவர் பாட்டுக்குப் போய்விடலாம். மிளகுக் கழுதை கொடுத்தது; மோட்டார் சைக்கிள்காரர் கொடுப்பதில்லை. அவர் சாலைக்குச் செலுத்த வேண்டிய சுங்கம் எழுத்தாகவேனும் வந்தால் நன்று என்று வேடிக்கையாக ஒரு நண்பரிடம் சொல்வதுண்டு. முழுவதும் வேடிக்கை அன்று.

ஆற்றுப்படையின் உள்ளம் பிற்காலத்தில் அற்றுப்போயிற்று என்றும் சொல்ல முடியாது. இதே தக்காணப் பெருஞ்சாலையில், 1830ஆம் ஆண்டு மே மாதம், சென்னையிலிருந்து ஒருவர் காசிக்குப் புறப்பட்டார். ஏனுகுல வீராசாமி என்பது அவர் பெயர். சென்னை சுப்ரீம் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். பெரிய பரிவாரத்துடன் பல்லக்கில் போனார். ஐதராபாத், நாகபுரி, சபல்பூர் வழியாகக் காசியை அடைந்து, கயை, கல்கத்தா எல்லாம் கண்டு 1831 செப்டம்பரில் சென்னை மீண்டார். தம் நண்பர் ஒருவருக்கு அவர் எழுதிவந்த குறிப்புகள் ‘காசி யாத்திரைச் சரித்திரம்’ என்று தெலுங்கில் 1838இல் அச்சாயின. பல்லக்கில் போனவர்தாம், தம் தோளில் சுமக்காதவர்தாம். இருந்தும் ஒவ்வொரு தங்கலிலும் கடை உண்டா, தண்ணீர் எப்படி, பாதை கல்லா மணலா, ஆற்றைக் கடக்க வழி என்ன, இராத் தங்கச் சாவடி உண்டா என்று எழுதிக்கொண்டே போகிறார். பின்னால் வருகிறவனுக்குப் பயன்பட வேண்டும் என்ற நினைவு அவரை விடுவதில்லை. அழகுச் சொற்கள் அந்நூலில் மிகுதியில்லை. ஆனால் நூற்றுத்தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அவ்வூர்கள் அதில் உயிரோடு இருக்கின்றன. சென்னை மாநகரில் எழுந்த இவ்வளவு நல்ல பயணநூலை, தெலுங்கில் உள்ளது என்ற ஒன்றினால், நம் பயண இலக்கிய வரலாற்றில் பெயரளவிற்கேனும் சொல்லாமல் விடுவது நியாயமன்று.

மேல்நாட்டு மோட்டார் சைக்கிள் நூல்கள் மூன்று பெரிதும் பேசப்படுகின்றன. நம் இளைஞர் பலருக்கு அவையே முன்மாதிரி. இராபர்ட் பிர்சிக் 1968இல் தம் மகனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மினியாபோலிசிலிருந்து சான் பிரான்சிஸ்கோ வரை சென்று, அதனை 1974இல் தத்துவ நூலாக வெளியிட்டார். பெருஞ்சாலையை விட்டு உட்சாலைகளில் போவதே பயணம் என்பது அவர் கொள்கை. கொள்கை நன்று, ஆனால் அவர் நூலில் சிற்றூர்கள் மங்கலானவை. எல்லன்டேல், மைல்ஸ் சிட்டி என்று பெயர்கள் வருகின்றன, ஊர்கள் வருவதில்லை. அவருடைய மனம் தம் சிந்தனையிலேயே சுழல்கிறது. விதிவிலக்காக ஓரிடம் உண்டு. வண்டியின் சங்கிலி மூடி உடைந்துவிட, சிற்றூரில் ஒரு முதியவர் அதைப் பற்றவைத்துத் தருகிறார். மெல்லிய தகட்டில் மிக நுண்ணிய வேலை. பாராட்டினால் அதைப் பெற்றுக்கொள்ளத் தெரியாத மனிதர். கூலியை மட்டும் சொல்கிறார். நூலில் தத்துவம் எத்தனையோ பக்கம் இருந்தாலும், தரம் என்பதைப் பற்றி அவர் சொல்ல வந்தது முழுவதும் அந்த முதியவர் கையில் இருப்பதாகவே எனக்குப் படுகிறது.

சே குவேராவின் குறிப்புகள் வேறு வகையில் பாடம் தருகின்றன. 1952 சனவரியில் அவரும் நண்பர் அல்பெர்தோ கிரனாடோவும் பழைய நார்ட்டன் வண்டியில் புறப்பட்டனர். நூலின் முற்பகுதியில் இருப்பவை விழுந்ததும் எழுந்ததும், பசியும் தந்திரமும்தாம். சிலி நாட்டுச் செய்தித்தாளில் தங்களைத் தொழுநோய் வல்லுநர் என்று எழுதச் செய்து, அதைக் காட்டி உபசாரம் பெறுகிறார்கள். வண்டி சிலியிலேயே உயிரை விட்டது. அதற்குப் பிறகுதான் புத்தகம் தொடங்குகிறது என்று நான் சொல்வேன். வால்பரைசோவில் மூச்சுத் திணறும் கிழவி, பாலைவனக் குளிரில் போர்வையின்றி இருந்த சுரங்கத் தொழிலாளியும் அவர் மனைவியும், செப்புச் சுரங்கம், இவையெல்லாம் கால்நடையாகவும் லாரியில் தொற்றியும் போனபோது கண்டவை. மோட்டார் சைக்கிள் நாட்குறிப்பு என்று உலகம் போற்றும் நூலில் போற்றத்தக்க பகுதி மோட்டார் சைக்கிள் இல்லாத பகுதி. இதை நம் எழுத்தாளர்கள் ஆழ்ந்து எண்ணிப் பார்க்க வேண்டும்.

மூன்றாமவர் டெட் சைமன். 1973 முதல் 1977 வரை டிரையம்ப் வண்டியில் உலகைச் சுற்றியவர். 1979இல் நூல் வெளியிட்டார். வழியில் நேரும் தடைகளே உண்மையில் பயணம் என்ற முடிவுக்கு அவர் வருகிறார். மூவருள்ளும் ஊருக்கு மிக நெருங்கி வந்தவர் அவரே. வண்டி பழுதானால் வருந்தாமல், அப்பழுது தம்மை யாரிடம் கொண்டு சேர்க்கிறது என்று பார்க்கிறார்.

பழுது என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. வடநாட்டுச் சிற்றூர்களில் இன்றும் மதிப்புடன் பேசப்படும் புல்லட் 1955 முதல் சென்னையில் செய்யப்படுவது. திருவொற்றியூரில் பிறந்த வண்டி. சிவனியிலோ நிர்மலிலோ அதன் ஓசையைக் கேட்டே கோளாற்றைச் சொல்லும் மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். திருவொற்றியூர் எங்கே இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்திராது; அங்கே செய்யப்பட்ட ஒவ்வொரு பாகத்தையும் தெரியும். தமிழ்நாட்டுக்கும் அவ்வூர்களுக்கும் உள்ள மெய்யான உறவு இது. நம் பயணக் கட்டுரைகளில் மெக்கானிக் இரண்டு வரியில் வந்து போகிறார். பெரும்பாலும் ‘கடவுள் போல் வந்தார்’ என்ற சொற்றொடருடன். கடவுளாக்கிவிட்டால் பிறகு அவரிடம் கேட்பதற்கு ஒன்றுமில்லை.

சிற்றூரை எழுதுவது என்றால் என்ன? மூன்று ஊர்களைக் கொண்டு விளக்கலாம். முதலாவது ஹிங்கன்காட். பருத்திக்குப் பேர்போன ஊர். நாகபுரியிலிருந்து தெற்கே செல்வோர் பெட்ரோலுக்கு நிற்கும் இடம். 1802இல் சென்னைப் பரங்கிமலையருகே அடிக்கோடு அளந்து இந்தியப் பெருநில அளவையைத் தொடங்கிய வில்லியம் லாம்ப்டன், இருபது ஆண்டுகள் அளந்துகொண்டே வடக்கு நோக்கி வந்து, 1823 சனவரியில் இறந்தது இவ்வூரில். கல்லறையும் இங்கேயே. இரண்டாவது, ஆந்திரத்துக் குத்தி. மலைக்கோட்டை சாலையிலிருந்தே தெரியும். 1827இல் சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ பத்திகொண்டாவில் வாந்திபேதி கண்டு இறந்தபோது அவரைப் புதைத்தது குத்தியில். 1831இல்தான் எலும்புகளைச் சென்னைக் கோட்டைத் தேவாலயத்துக்குக் கொண்டுபோயினர். தீவுத்திடலருகே அங்கவடி இல்லாமல் குதிரைமேல் வீற்றிருக்கும் மன்றோவைத் தெரியாத சென்னைவாசி இல்லை. அவர் நாலாண்டு கிடந்த ஊரைத் தெரிந்தவர் எத்தனை பேர்? சென்னையிலிருந்து போனவர் ஒருவர் ஹிங்கன்காட்டில் தங்கிவிட்டார். குத்தியில் கிடந்தவர் சென்னைக்கு வந்துவிட்டார். இவ்வளவையும் சக்கரத்தின் அடியில் வைத்துக்கொண்டு, ‘குத்தியில் மதிய உணவு சுமார்’ என்று எழுதிப் போவதை எப்படிப் பொறுப்பது?

ஆனால் இதற்கு மறுபக்கமும் உண்டு. அண்மையில் சிலர் இக்குறையை உணர்ந்து, ஊருக்கு ஊர் வரலாற்றைக் கொண்டுவந்து கொட்டுகிறார்கள். ஆண்டு, மன்னன் பெயர், கோட்டையின் சுற்றளவு. அது மற்றொரு தவறு. ஊர் என்பது கல்லறை மட்டுமன்று. ஹிங்கன்காட்டில் இன்று வாழ்பவர்களுக்கு லாம்ப்டனைவிடப் பருத்தியின் விலை முக்கியம். செத்தவரைக் கண்டு வாழ்கிறவரைக் காணாத எழுத்து, வாழ்கிறவரை மட்டும் கண்டு வெள்ளந்தி என்னும் எழுத்தைவிட எவ்வகையிலும் உயர்ந்ததன்று.

இரண்டும் ஒன்றாகக் கூடி நிற்கும் ஊருக்கு மைஹரைச் சொல்வேன். கட்னிக்கு வடக்கே உள்ள இவ்வூரைப் பற்றி எழுதும் பயணிகள் எல்லோரும் சாரதா தேவி கோயிலின் ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகளை எண்ணுகிறார்கள். மூச்சு வாங்கியதைச் சொல்கிறார்கள். உஸ்தாத் அலாவுதீன் கான் வாழ்ந்த ஊர், இரவி சங்கர் பயின்ற ஊர் என்று ஒரு வரி சேர்ப்பவர் சிலர். ஆனால் மைஹரின் தனிச்சிறப்பு அதற்கும் உள்ளே இருக்கிறது. கொள்ளைநோயில் பெற்றோரை இழந்த சிறுவர்களைக் கூட்டி அலாவுதீன் கான் ஒரு வாத்தியக் குழுவை அமைத்தார். துப்பாக்கிக் குழல்களை அளவாக அறுத்து அடுக்கி, தட்டினால் சுரம் எழும்படி ‘நல தரங்கம்’ என்ற கருவியையும் செய்தார். 1972இல் அவர் மறைந்த பின்னும் அக்குழு மறையவில்லை. கொல்லும் குழல் பாடும் குழலாயிற்று என்று நான் எழுதினால் அது மேடைப்பேச்சு. ஓர் இளைஞர் அந்தக் குழு பயிலும் இடத்தில் ஒரு பிற்பகல் உட்கார்ந்து, அடிக்கிறவர் மணிக்கட்டு எப்படித் திரும்புகிறது என்று எழுதினால் அது இலக்கியம். ஆமூர் உலக்கையின் தேய்ந்த பூணைக் கண்ட கண் அதுதான்.

இச்சாலைக்கு அச்சமூட்டும் முகமும் உண்டு. கட்னிக்கும் சபல்பூருக்கும் இடையே ஸ்லீமனாபாத் என்று ஓர் ஊர்; வழிப்பயணிகளைக் கொன்று கொள்ளையிட்ட தக்கர்களை 1830களில் வேட்டையாடிய ஸ்லீமனின் பெயரால் அமைந்தது. பிடிபட்டவர்களைச் சபல்பூர்த் தொழிற்சாலையில் கூடாரமும் கம்பளமும் நெய்ய வைத்தார்கள். வழியில் சேர்ந்து கொள்ளும் இனிய பேச்சுக்காரனை நம்பக்கூடாது என்பது அக்காலத்துப் பயணிக்கு உயிர்ப் பாடம். இன்று அவ்வழியே போகும் இளைஞர், எதிர்ப்படும் எவரையும் நம்பித் தேநீர் அருந்துகிறார். அந்த நம்பிக்கை எவ்வாறு உண்டாயிற்று என்பது ஒரு நல்ல கட்டுரைக்குப் பொருள். அதை எழுதாமல் ‘மக்கள் நல்லவர்கள்’ என்று முடித்துவிடுகிறார்கள்.

புறவழிச்சாலைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாற்கரச் சாலைத் திட்டங்கள் வந்தபின் இவ்வூர்களுள் பெரும்பாலானவை சாலையிலிருந்து கழன்றுவிட்டன. இதற்காக வருந்தி எழுதுவது பயணக் கட்டுரையாளரிடையே ஒரு நாகரிகமாகிவிட்டது. கடைத்தெருவின் நடுவே இரவு பகலாக லாரி ஓடிய ஊரில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிய தாயிடம் கேட்டால் வேறு கதை கிடைக்கும். சாலையோரத்து டாபாக்காரரிடமும் பஞ்சர் கடைக்காரரிடமும் கேட்டால் இன்னொரு கதை. இரண்டையும் கேட்டு எழுதியவரை நான் இன்னும் படிக்கவில்லை. தருமபுரி மாவட்டத்தில் கிடைத்த அதியமான் பெருவழிக் கல் ஒன்று உண்டு, பதின்மூன்றாம் நூற்றாண்டினது. நாவல் தாவளத்துக்கு 29 காதம் என்று எழுத்தால் பொறித்ததோடு, எழுத்தறியாதவனும் தடவிப் பார்த்துத் தெரிந்துகொள்ளும்படி இரண்டு பெரிய குழிகளும் ஒன்பது சிறிய குழிகளும் வெட்டியிருக்கிறார்கள். சாலையைப் போட்டவன் அங்கே எல்லோரையும் நினைத்திருக்கிறான். புறவழிச்சாலையின் பச்சைப் பலகையில் ஊர்ப் பெயரும் ஓர் அம்புக்குறியும் இருக்கின்றன. ஊருக்குள் போக வேண்டிய காரணத்தைப் பலகை சொல்லாது. அதைச் சொல்லும் வேலை எழுதுகிறவருடையது.

இவ்வளவும் சொன்ன பிறகு, ஆற்றுப்படை முற்றும் எழுத்தில் வராமலே போய்விட்டதா என்று கேட்கலாம். இச்சாலையின் தென்பகுதியில் நாமக்கல் இருக்கிறது. அங்கிருந்து புறப்படும் லாரிகள் நாகபுரியைக் கடந்து செல்லாத நாள் இல்லை. அந்த ஓட்டுநர்களே தமிழருள் இச்சிற்றூர்களை மிக நன்றாக அறிந்தவர்கள். நாகபுரிக்கு வெளியே லாரிகள் நிற்கும் இடத்தில், வடக்கேயிருந்து வந்தவர் தெற்கேயிருந்து வந்தவருக்குச் சொல்வதை நான் கேட்டதுண்டு. குராய் மலைப்பாதையில் இறங்குகையில் எந்த வளைவில் கியரை மாற்ற வேண்டும். எந்தச் சோதனைச் சாவடியில் பேச்சை வளர்க்கக் கூடாது. லக்னாதோன் தாண்டி எந்தக் கடையில் அரிசிச் சோறு கிடைக்கும், அந்தக் கடைக்காரர் மகளுக்குக் கலியாணம் ஆகிவிட்டதா. மழை விட்டதும் சிவனிப் பக்கம் சாலையோரம் வைத்திருக்கும் சீதாப்பழத்தை எந்தப் பெண்ணிடம் வாங்கினால் அழுகல் இராது. கேட்டவர் அன்றிரவே அவ்வழியே போக வேண்டியவர். ஆகவே சொன்னவர் ஒன்றையும் மிகைப்படுத்தவில்லை, ஒன்றையும் விடவில்லை. கடைக்காரர்களுக்கெல்லாம் பெயர் இருந்தது. இரண்டு பேரும் தேநீரை முடித்துக்கொண்டு, தார்ப்பாயை இழுத்துக் கட்டிவிட்டு, ஒருவர் சபல்பூர் நோக்கியும் மற்றவர் ஐதராபாத் நோக்கியும் வண்டியை எடுத்தனர். பக்கத்தில் மோட்டார் சைக்கிளை நிறுத்தியிருந்த தமிழ் இளைஞர் இருவர் அப்போது தங்கள் வண்டியைப் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள்.